கதிரேசனுக்கு: பெரியவர் ஒருவர், பிடித்தவர் ஒருவர்

நோவி, மிச்சிகன்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து நீ மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டதைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. பிசியோதெரபிக்கு வருகிற பையனைத் திட்டி விரட்டிவிடாதே, உன் வாயைப் பற்றி எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் சுகம். சரோஜா பின்கட்டில் கத்திரியும் வெண்டையும் வைக்கிறாள், மான் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறது. வேலி போடு என்கிறாள். நான் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்குத்தான் நேரமே கிடைப்பதில்லை.

மாப்பிள்ளை கான்சஸ் சிட்டிக்கு மாறினதிலிருந்து போனில் பாதிப் பேச்சு அமெரிக்கக் கால்பந்துதான் என்று எழுதியிருந்தாய். அந்த ஊர் அணியின் பேட்ரிக் மஹோம்ஸ் போல ஒருவர் பிறக்கவே இல்லை என்கிறாராமே, "நீ முப்பது வருஷமாகப் பார்க்கிறவன், உண்மையைச் சொல்" என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளையிடம் எதிர்த்துப் பேசக் கையில் ஏதாவது வேண்டும் உனக்கு, அவ்வளவுதானே? தருகிறேன்.

மஹோம்ஸ் லேசுப்பட்டவர் இல்லை. முப்பது வயதாவதற்குள் மூன்று சூப்பர் பவுல், அதாவது சீசனின் இறுதிக் கோப்பை ஆட்டம், ஜெயித்தவர். ஆனால் கோப்பையை எண்ணித்தான் ஆளை அளப்பது என்றால் டாம் பிரேடிக்கு ஏழு. கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகப் பொறுக்கியெடுக்கும் 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் 199-ஆவதாக எடுக்கப்பட்டவர் அவர். 2017 பிப்ரவரியில் அட்லாண்டாவுக்கு எதிரான சூப்பர் பவுலில் 28-3 என்று பின்தங்கிக் கிடந்த அணியை 34-28 என்று கரையேற்றினார். எனக்கு அவரைப் பிடிக்காது. இருந்தாலும் அதைப் பார்த்தபிறகு இவரைவிடப் பெரியவர் இன்னார் என்று வாதாட எனக்குத் தெம்பில்லை. பெரியவர் பிரேடி, அந்த வழக்கு முடிந்தது.

நீ கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, யாரைப் பிடிக்கும் என்பது. அதற்கு எனக்கு ஒரே பதில்தான், பேரி சாண்டர்ஸ். எங்கள் டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக 1989 முதல் 1998 வரை பத்து சீசன் ஆடியவர். ஒரு சூப்பர் பவுல்கூட அவர் ஆடியதே இல்லை.

ஆட்டம் உனக்குப் புரிய வேண்டுமே, சுருக்கமாகச் சொல்கிறேன். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரிக்கு. குவார்ட்டர்பேக் பந்தை எறியலாம், அல்லது பின்னால் நிற்கிற ரன்னிங் பேக்கின் கையில் கொடுக்கலாம். வாங்கியவன் எதிரே நிற்கும் பதினொரு பேரைத் தாண்டி ஓட வேண்டும். அவர்களில் பலர் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடை. சாண்டர்ஸ் உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். கல்லூரி கபடி டீமில் நீ பாடிப் போகும்போது கோட்டுக்கருகே ஒரு கணம் அசையாமல் நின்று, எதிராளி எடையை எந்தக் காலில் வைக்கிறான் என்று பார்த்து, மறுபக்கம் பாய்வாயே, அதை முழு வேக ஓட்டத்தின் நடுவில் செய்தவர் அவர். நான்கு பேர் சுற்றி வளைத்துவிட்டார்கள், முடிந்தது என்று நினைக்கும்போது அந்த நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடப்பார்கள், இவர் தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பார்.

குறையும் உண்டு. நேரே முட்டி மூன்று யார்டு வாங்கினால் போதும் என்கிற இடத்திலும் வழி தேடிப் பின்னால் ஓடுவார், இருந்ததையும் இழப்பார். 1994 டிசம்பர் 31 அன்று கிரீன் பேயில் நாக் அவுட் ஆட்டம். 13 தடவை பந்தை வாங்கி ஓடினார், கூட்டிப் பார்த்தால் மைனஸ் 1 யார்டு. லயன்ஸ் 16-12 என்று தோற்றது. ஆபீஸில் எங்கள் லயன்ஸ் பைத்தியங்கள் ஒரு வாரம் வாய் திறக்கவில்லை.

1997 சீசனைக் கேள். முதல் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 53 யார்டுதான். இவருக்குக் கால் போய்விட்டது என்று பேச்சு கிளம்பிவிட்டது. மீதி 14 ஆட்டங்களில் ஒன்றில்கூட நூறுக்குக் குறையவில்லை. சீசன் முடிவில் 2,053 யார்டு. அந்த வருடம் நவம்பரில், நன்றி சொல்லும் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் நாளில் சிகாகோவை 55-20 என்று அடித்த ஆட்டத்தை நண்பர் வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். சாண்டர்ஸுக்கு 167 யார்டு, மூன்று டச் டவுன் (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டுவது). நான் ஆட்டத்தை ரசித்துப் பார்க்கத் தொடங்கியது அன்றைக்குத்தான், அதுவரை மற்றவர்கள் கத்துகிறபோது நானும் கத்துவேன்.

டச் டவுன் எடுத்தால் இங்கே ஆடுவார்கள், பாடுவார்கள், பந்தைத் தரையில் அறைவார்கள். சாண்டர்ஸ் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டுப் பெஞ்சுக்கு நடப்பார். கூரை வேலை செய்து பதினொரு பிள்ளைகளை வளர்த்த கான்சஸ் மாநிலத்துத் தகப்பனின் மகன். அந்தத் தகப்பனோ, "ஜிம் பிரவுன்தான் உயர்ந்தவர்" என்று ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பிரவுன் கிளீவ்லாந்துக்காக ஒன்பது சீசன் ஆடி எட்டில் ஓட்டக் கணக்கில் முதலிடம், முப்பது வயதில் சினிமாவுக்குப் போய்விட்டார். முகமது அலி ராணுவத்துக்குப் போக மறுத்தபோது 1967-இல் மற்றக் கறுப்பின வீரர்களைக் கூட்டி அவர் பக்கம் நின்றவரும் அவரே. ஆனால் பெண்களிடம் வன்முறையாக நடந்ததாக அவர்மேல் பலமுறை குற்றச்சாட்டு வந்தது. அதைத் தெரிந்துகொண்டபின் என்னால் அவரைப் பிடித்தவர் பட்டியலில் வைக்க முடியவில்லை. பெரியவர் பட்டியலில் இருந்துவிட்டுப் போகட்டும்.

1999 ஜூலையில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லாக் காலத்து ஓட்டச் சாதனை அப்போது சிகாகோவின் வால்டர் பேட்டனிடம் இருந்தது, 16,726 யார்டு. சாண்டர்ஸ் 15,269-இல் நின்றார். சும்மா ஒரு சீசன் ஆடியிருந்தால் தொட்டிருப்பார். வயது 31, உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. சொந்த ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார், "ஓய்வு பெறுகிறேன்" என்று. அவ்வளவுதான், ஆள் லண்டனுக்குப் போய்விட்டார். டெட்ராய்ட்டே கொதித்தது. அணி போனஸ் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்டு வாங்கியது. நல்ல வீரர்களை ஒவ்வொருவராக வெளியே விடுகிறார்கள், ஜெயிக்கிற எண்ணமே இந்த அணிக்கு இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டதாகப் பின்னால் விளக்கினார். அப்போது எனக்கும் கோபம்தான். இப்போது இல்லை. பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர் நான்கு சூப்பர் பவுல் ஜெயித்தவர். மூளை கலங்கி, வீடில்லாமல் காரில் படுத்து, ஐம்பது வயதில் 2002-இல் செத்தார். அவர் மூளையை அறுத்துப் பார்த்துத்தான், தலையில் மீண்டும் மீண்டும் வாங்கும் அடி என்ன செய்யும் என்பது கால்பந்து உலகத்துக்குத் தெரிந்தது. அதைப் படித்த பிறகு, தன் காலில் தானே நடந்து வெளியேறிய சாண்டர்ஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மறுபடி சமாதானமாகி, 2023-இல் இங்கே ஸ்டேடியம் வாசலில் அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள்.

அவர் இருந்த பத்து வருடத்தில் நாக் அவுட்டில் லயன்ஸ் ஜெயித்தது ஒரே ஆட்டம், 1992 ஜனவரியில் டல்லஸுக்கு எதிராக 38-6. அடுத்த நாக் அவுட் வெற்றிக்கு ஊர் 2024 ஜனவரி வரை காத்திருந்தது. இப்படிப்பட்ட அணியில் போய் மாட்டியவரைக் கோப்பை எண்ணி எப்படி அளப்பது, நீயே சொல்.

பயிற்சியாளர்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊரைக் கேட்டால் ஆறு கோப்பை வாங்கிய பில் பெலிச்சிக் என்பார்கள், அல்லது வின்ஸ் லொம்பார்டி என்பார்கள். கோப்பைக்கே லொம்பார்டி பெயர்தான். 1967 டிசம்பர் 31, அவருடைய அணியின் ஊரான கிரீன் பேயில் மைனஸ் 25 டிகிரி குளிர், நடுவர்களின் விசில் உறைந்துபோய் ஊத முடியவில்லை. மூன்று பாயின்ட் பின்னால், 16 வினாடி மிச்சம், கோட்டுக்கு ஒரு யார்டு. உதைத்துச் சமன் செய்யலாம். அவருடைய குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தோடு தானே புகுந்தார், 21-17. அந்தத் துணிச்சலுக்குக் கும்பிடு போடலாம். ஆனால் என் ஓட்டு பில் வால்ஷுக்கு.

காரணம் கேள். சின்சினாட்டியில் அவர் உதவிப் பயிற்சியாளர். அங்கே தூரமாய் எறியக்கூடிய இளம் குவார்ட்டர்பேக் கிரெக் குக் தோளில் காயம்பட்டு முடங்கிப் போனார். கையில் மிஞ்சிய வர்ஜில் கார்ட்டருக்குக் கைப்பலம் இல்லை. ஆள் சரியில்லை என்று முனகாமல், அந்தக் கைக்கேற்ற ஆட்டத்தை வால்ஷ் உருவாக்கினார்: குட்டிக் குட்டி எறிதல்கள், மைதானத்தின் அகலத்தை முழுக்கப் பயன்படுத்துவது, எறிபவர் பின்வாங்கும் அடிக்கணக்கும் பிடிப்பவர் ஓடும் பாதையும் நொடி பிசகாமல் சேருவது. தலைமைப் பதவி தனக்குத்தான் என்று இருந்தார். முதலாளி பால் பிரவுன் 1976-இல் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மனம் உடைந்து கிளம்பி, 1979-இல் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்தார். முதல் சீசனில் 2 வெற்றி, 14 தோல்வி. மூன்றாவது சீசனில் கோப்பை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் 15, 20 நகர்வுகளை முன்னமே எழுதிவைத்துக்கொண்டு வருவார். அவருடைய குவார்ட்டர்பேக் ஜோ மொன்டானா டிராஃப்டில் 82-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். எறிந்த பந்தைப் பிடிக்கும் ஜெரி ரைஸ் மிசிசிபியில் கொத்தனாருக்கு மகன், அப்பா வேலையில் சகோதரர்களோடு செங்கல் பிடித்துப் பழகிய கை. இருவரையும் எடுத்தவர் வால்ஷ்தான். அவர் ஜெயித்த மூன்று சூப்பர் பவுலில் இரண்டு யாரை எதிர்த்து என்கிறாய்? அதே சின்சினாட்டி, அதே பால் பிரவுன் அணி.

மாப்பிள்ளையிடம் இதையும் சொல். மஹோம்ஸின் கோச் ஆண்டி ரீட் தொழில் படித்தது மைக் ஹோம்கிரனிடம், ஹோம்கிரன் படித்தது வால்ஷிடம். பிரேடியும் சான்பிரான்சிஸ்கோ பக்கத்து ஊர்ப் பையன்தான். 1982 ஜனவரியில் மொன்டானா எறிந்து டுவைட் கிளார்க் எம்பிப் பிடித்த அந்தப் பிரபலமான டச் டவுனின்போது, நான்கு வயதுக் குழந்தையாக ஸ்டேடியத்தில் இருந்தார். மாப்பிள்ளை மஹோம்ஸ் கட்சி என்றால் இருக்கட்டும், சுற்றி வளைத்தால் வால்ஷ் கட்சியில்தான் வந்து நிற்பார்.

மகளைப் பார்க்க நவம்பரில் வருகிறீர்கள் என்றால் தேங்க்ஸ்கிவிங்குக்கு இங்கே வந்துவிடுங்கள். 1934 முதல் அன்றைக்கு லயன்ஸ் ஆட்டம் இங்கே வழக்கம். ஸ்டேடியத்துக்குக் கூரை உண்டு, குளிருக்குப் பயப்படாதே. டிக்கெட் முன்கூட்டி வாங்க வேண்டும், விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை. அதனால் விசா, தேதி எல்லாம் முடிவானதும் உடனே எழுது. சாந்தாவுக்கு எங்கள் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராமமூர்த்தி