பச்சைப் பட்டனை அழுத்தாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அன்றைக்குப் போனில் நீ அழுதுகொண்டிருந்தாய். பனிமூட்டம் என்று சென்னை விமானத்தை ரத்து செய்ததால், டெல்லி ஏர்போர்ட்டில் ஒன்பது மணி நேரம் காத்துக் கிடந்துவிட்டு ஹாஸ்டலுக்கே திரும்பிப் போனவளிடம் ரீஃபண்ட் பற்றிப் பேச்செடுத்திருந்தால் உன் அம்மா என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டாள். இப்போது பொங்கல் முடிந்து வாசல் கரும்பும் காய்ந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

விமானக் கம்பெனியின் ரத்துப் பக்கம் என்று நீ அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் கண்ணாடி போட்டு மூன்று தடவை பார்த்தேன். கட்டைவிரல் தானாகப் போய் விழுகிற இடத்தில், பெரிய பச்சைப் பட்டனில் வவுச்சர், அதாவது பணத்துக்குப் பதிலாக அடுத்த டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளும் சீட்டு. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு வரி. உன் பணம் அந்த எறும்பு வரிக்குள்தான் இருக்கிறது. பச்சையை அழுத்திவிடாதே. வவுச்சரா பணமா என்று முடிவு செய்ய வேண்டியது பயணி, கம்பெனி அதைத் தலையில் கட்டக் கூடாது என்று விமானக் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏ விதியிலேயே இருக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 நாளில் திருப்ப வேண்டும்.

"வெதர்னு சொல்லிட்டாங்கப்பா, ஒண்ணும் கிடைக்காதாம்" என்றாய். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருபத்தெட்டு வருஷம் டிக்கெட் போட்டவன் மகள் பேசுகிற பேச்சா இது? டிக்கெட் பணம் வேறு, நஷ்டஈடு வேறு. பனிமூட்டம், ஸ்டிரைக் மாதிரி அவர்கள் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்டஈடு கிடையாது, சரி. ஆனால் விமானத்தை ரத்து செய்தது அவர்கள். ஒன்று வேறு விமானத்தில் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் முழுப் பணத்தையும் தர வேண்டும். பனி பெய்தாலும் புயல் அடித்தாலும் அதில் மாற்றமில்லை. கவுன்டரில் இருக்கிற பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்வார்கள். பாதிப் பேர் கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள்.

இன்னொன்றும் எனக்கு இடிக்கிறது. நீ எடுத்த போட்டோவில், பலகையில் அதே நேரத்துக்குச் சென்னை போகிற இன்னொரு விமானம் கிளம்பியதாகக் காட்டுகிறது. டிசம்பர் 10 முதல் பிப்ரவரி 10 வரை பனிக்காலம் என்று கணக்கு வைத்து, டெல்லிக்கு கேட்-3 பயிற்சி, அதாவது பாதை சரியாகத் தெரியாத பனியிலும் விமானத்தை இறக்குகிற பயிற்சி பெற்ற பைலட்டுகளைப் போடச் சொல்கிறது டிஜிசிஏ. பக்கத்து விமானம் பறந்ததென்றால் இவர்களுக்கு மட்டும் எப்படிப் பனி? ஆள் பற்றாக்குறையாகவும் இருக்கலாம். ரத்துக்கான காரணத்தை மின்னஞ்சலில் எழுதிக் கேள். முன்கூட்டித் தகவல் சொல்லாத ரத்துக்கு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கிற தடம் என்றால் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது. பெரிய தொகை இல்லைதான். ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிற நீண்ட தூர விமானத்துக்கு 600 யூரோ. அங்கே கம்பெனியின் சொந்த ஊழியர்கள் ஸ்டிரைக் செய்தால்கூடத் தப்பிக்க முடியாது. நம் ஊரில் அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை.

டிக்கெட்டில் யார் போன் நம்பர் இருக்கிறது என்று பார். புக்கிங்கில் சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு நஷ்டஈடு இல்லை என்றொரு வரி விதியில் உண்டு. ஏஜென்டுகள் தங்கள் நம்பரையே போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

2020 லாக்டவுனில் ஒருவர் பெண் கல்யாணத்துக்குப் பதினோரு டிக்கெட் போட்டு எல்லாம் ரத்தாகி, வாரா வாரம் மஞ்சள் பையோடு கடைக்கு வந்து நிற்பார். கம்பெனி பணத்தைத் தராமல், பிறகு டிக்கெட் எடுக்க மட்டும் பயன்படுகிற கிரெடிட் ஷெல் என்று ஏதோ ஒன்றைக் கொடுத்தது. கல்யாணமே முடிந்த பிறகு அதை வைத்து அவர் எங்கே பறப்பார்? அக்டோபர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த ஷெல் 2021 மார்ச் 31 வரைதான், பயன்படுத்தாமல் மிஞ்சினால் பணமாகத் தர வேண்டும், அதுவரை மாதாமாதம் தொகையைக் கூட்டியும் கொடுக்க வேண்டும் என்று. அவருக்குப் பணம் வந்தபோது சித்திரை பிறந்திருந்தது. ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நீ முதலில் கம்பெனிக்கே எழுது. பதில் வராவிட்டால் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் இணையதளமான ஏர்சேவாவில் புகார் போடு. அதற்கும் அசையவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீ குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, இரண்டு வருஷம் அவகாசமும் உண்டு. அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன்.

ரத்து என்று வந்த மெசேஜை அழித்துவிடாதே. இன்றைக்கு ராத்திரியே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, பி.என்.ஆர். முழுசாகத் தெரியட்டும். கடிதத்தை நானே எழுதித் தருகிறேன், நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும். அம்மா முறுக்கை டப்பாவில் கட்டி வைத்திருக்கிறாள், நாளைக்குக் கூரியரில் வரும்.

அன்புடன்,
அப்பா