சேத்தைப் பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கடலோர சதுப்புநிலக் காடு (மாங்குரோவ்) கரியமில வாயுவை எப்படி இழுத்து வச்சுக்குதுன்னு போன வாரம் நீங்க போட்ட கட்டுரையைப் படிச்சேன், நம்ம ஊர் விஷயத்தைத் தமிழ்ல படிக்கக் கிடைச்சதே பெரிய சந்தோஷம். ஆனா முழுக்க மரம் மரம்னே போயிடுச்சு, எத்தனை கன்னு நட்டாங்க எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு. மரத்துக்குக் கீழ இருக்குற சேறும் அந்த சேத்துக்குள்ள ஓடுற தண்ணியும் செய்யுற வேலையைப் பத்தி ரெண்டு வரி கூட இல்ல, அதான் எழுதுறேன்.

நான் ஸ்கூல் லேப்ல 27 வருஷம் டெக்னீஷியனா இருந்து ரிட்டையர் ஆனவன். சனிக்கிழமை காலையில பேத்தியைக் கூட்டிக்கிட்டு இங்க சிங்கப்பூர்ல இருக்குற சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போறது வழக்கம். முதல் தடவை போனப்ப மெயின் பிரிட்ஜ்கிட்ட வந்ததுமே மூக்கைப் பொத்திக்கிட்டு "தாத்தா, ஒரே ஸ்மெல்லா இருக்கு"ன்னா. கூமுட்டை வாடை, எனக்கு லேப்லயே பழகின வாடை, ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது குப்பை நாத்தம் இல்ல. கடல் தண்ணியில ஊறிப்போன சேத்துக்குள்ள ஆக்சிஜன் போகாது, அதனால உதிர்ந்த இலையும் செத்த வேரும் சட்டுன்னு மக்க முடியாது, அங்க இருக்குற பாக்டீரியா ஆக்சிஜனுக்குப் பதிலா கடல் தண்ணியில இருக்குற சல்ஃபேட்டை வச்சுதான் மூச்சு விடுது, அதுல வர்றதுதான் இந்த வாடை. மெதுவா நடக்குறதால கார்பன் நூத்துக்கணக்கான வருஷம் உள்ளயே கெடக்கும். சல்ஃபேட் இருக்குற எடத்துல மீத்தேன் உண்டாக்குற கிருமிகளுக்கும் பெருசா எடம் கிடைக்காது, நன்னீர் சதுப்புல அப்படி இல்ல. இந்தோ பசிபிக் பகுதியில 25 சதுப்புநிலக் காடுகளை அளந்து 2011ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஹெக்டேருக்கு சராசரி 1,023 டன் கார்பன், அதுல 49 முதல் 98 சதவீதம் மண்ணுல. கன்னை மட்டும் எண்ணுனா கணக்குல பாதிக்கு மேல விட்டுப்போயிடுது.

நைட்ரஜன் விஷயம் இதைவிட நமக்குக் கிட்ட. எங்க புளோக்குக் கீழ இருக்குற கம்யூனிட்டி கார்டன்ல நானும் கத்தரி, வெண்டி போட்டிருக்கேன். ஒருநாள் வானம் நல்லா கறுத்துக்கிட்டு நிக்குது, அங்க ஒருத்தர் ரெண்டு கையாலயும் உரத்தை அள்ளி வீசிக்கிட்டு இருந்தாரு, அண்ணே மழை வருது இப்ப போடாதீங்கன்னு சொன்னேன், "மண்ணுக்குள்ளதானேப்பா போகுது, எங்க போயிடப் போகுது"ன்னாரு. அவரைக் குத்தம் சொல்லமாட்டேன், யாரும் நமக்குச் சொல்லித் தரல. உரத்துல இருக்குற நைட்ரஜன்ல மழையோட மேல வழியுறது லோங்காங்ல, அதான் மழைத்தண்ணி வாய்க்கால்ல, போய் விழும், நம்ம ஊர்ல லோங்காங் வேற கழிவுநீர்க் குழாய் வேற, அதனால அந்தத் தண்ணி நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோதான் போகுது. மீதி நைட்ரேட்டா மாறி கீழ இறங்கும், அம்மோனியத்தைப் புடிச்சு வைக்குற மாதிரி மண்ணு நைட்ரேட்டைப் புடிச்சு வைக்காது, நேரா நிலத்தடி நீர்தான். லேப்ல நைட்ரேட் இருக்கான்னு பார்க்க சோடியம் ஹைட்ராக்சைடும் அலுமினியம் ஃபாயிலும் போட்டு சூடு பண்ணுவோம், அமோனியா வந்து சிவப்பு லிட்மஸ் நீலமாகும். ஆனா தண்ணியை வெறும் கண்ணால பார்த்தா பளிங்கு மாதிரிதான் இருக்கும், அதுதான் இதுல ஆபத்து.

கடற்கரைப் பக்கம் நிலத்தடி நீர் அப்படியே நிக்காது, கடலைப் பார்த்து கசிஞ்சுக்கிட்டே இருக்கும். தண்ணி வத்துன நேரத்துல சதுப்புல ஓடை ஓரத்தைப் பார்த்தா தெரியும், பொடிப்பொடி ஊத்து மாதிரி சேத்துலேர்ந்து தண்ணி எறங்கும். கரை இடிஞ்ச எடத்துல நண்டு வளை குறுக்கு வெட்டா தெரியும், வளையைச் சுத்தி விரல் மொத்தத்துக்குப் பழுப்பு, அதுக்கு அங்கிட்டு மை மாதிரி கறுப்பு. பழுப்பு வரைக்கும் ஆக்சிஜன் போகுது, அங்க அமோனியா நைட்ரேட்டா மாறும், பக்கத்துலயே கறுப்புல ஆக்சிஜன் இல்ல, அங்க பாக்டீரியா அந்த நைட்ரேட்டை வச்சு மூச்சு விட்டு நைட்ரஜன் வாயுவா காத்துக்கே திருப்பி அனுப்பிடும். ஒவ்வொரு ஏத்த வத்தத்துக்கும் நண்டு வளை வழியா தண்ணி உள்ள போய் வெளிய வரும், யாரும் கரண்ட் பில் கட்டாம நடக்குற சுத்திகரிப்பு இது. ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு. நைட்ரேட்டை ஓயாம கொட்டினா வேலை பாதியில நின்னு நைட்ரஸ் ஆக்சைடா வெளிய வரும், 100 வருஷக் கணக்குல அது கரியமில வாயுவைவிட 273 மடங்கு சூடு புடிக்கும்.

மிச்சம் கடலுக்குப் போகும். நமக்கும் மலேசியாவுக்கும் நடுவுல இருக்குற ஜொகூர் நீரிணையில 1924ல திறந்த காஸ்வே பாலம் அணை மாதிரி குறுக்க நிக்குது, தண்ணி இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் ஓட வழியில்ல, சத்து சேர்ந்தா சேர்ந்ததுதான். 2015ல அங்க பாசி பெருகி மீன் பண்ணைகள்ல 500 டன்னுக்கு மேல மீன் செத்துச்சு. உரம் மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரல, ஆனா கரையோர சேத்தை வெட்டி எடுத்துட்டா அந்தச் சுமையைக் கொறைக்க வேற யாரு இருக்கா? வெட்டிப் போட்ட சேத்துல காத்து பட்டா இத்தனை காலம் சேர்ந்த கார்பனும் வெளிய கிளம்பிடும்.

ஊபின் தீவுல கைவிட்ட இறால் குளங்கள்ல கன்னு நடுறதைவிட தண்ணி வந்து போற வழியை முதல்ல சரிபண்ணி காடு தானா வரட்டும்னு வேலை செய்யுறாங்க, அதைப் பத்தி ஒரு முழுக் கட்டுரை போடலாம். அப்புறம் தோட்டம் போடுறவங்களுக்கு மழைக்கு முன்னாடி உரம் வேணாம், கொஞ்சம் கொஞ்சமா போடுங்கன்னு ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க, எங்க தோட்டத்து நோட்டீஸ் போர்டுல நானே வெட்டி ஒட்டுறேன். உங்க நிருபர் சுங்கை பூலோ வர்றதா இருந்தா தண்ணி வத்துற நேரத்தைப் பார்த்துட்டு வரச் சொல்லுங்க, அந்தப் பழுப்பு வளையத்தை நான் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செம்பவாங்