அந்தப் பலகையில் ஒரு வரியை மாற்றுங்கள்

பிரிட்டனின் பகுதிநேரப் பீரங்கிப் படைகளின் வரலாற்றைத் தொகுத்துக் காட்சிக்கு வைப்பவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவில், ஜொகூர் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். சென்ற மாதம் மகளைப் பார்க்க இங்கிலாந்து வந்தபோது, உங்களில் ஒரு குழுவினர் 135ஆவது களப் பீரங்கி ரெஜிமென்ட் பற்றி வைத்திருந்த கண்காட்சிக்குப் போனேன்.

பகலெல்லாம் வேறு வேலை, மாலையில் பயிற்சிக் கூடத்தில் பீரங்கி என்று பழகிய படை அது. 1942 ஜனவரியில் சிங்கப்பூரில் இறங்கி, எங்கள் ஜொகூரில் சண்டையிட்டு, பிப்ரவரி 15இல் ஜப்பானியரிடம் சரணடைந்தது. தளபதி பிலிப் டூசி லிவர்பூல் வங்கிக்காரர். தப்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்தும் தன் ஆட்களை விட்டுப் போகாதவர். அவர்கள் கைதிகளாகச் சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், பட்ட பாட்டைப் படித்து நானும் கண் கலங்கி நின்றேன்.

அப்புறம், ஜப்பானியர் கைதிகளையும் தொழிலாளிகளையும் வைத்துப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை பற்றிய பலகைக்கு வந்தேன். போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தது விரிவாக இருக்கிறது. அடியில் ஒரு வரி: 'உள்ளூர்க் கூலிகளும் இறந்தனர்.'

ஐயா, அவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள் இல்லை. பல்லாயிரம் பேர் மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். தயவுசெய்து அந்த வரியை மாற்றுங்கள்.

என் தாத்தாவை 1943இல் ஜப்பானியர் அந்த ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வந்தவர்களிடமெல்லாம் பாட்டி விசாரித்தார். ஒருவர் வாந்திபேதி என்றார், இன்னொருவர் ஆற்றோரம் கடைசியாகப் பார்த்தேன் என்றார். எந்த நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. நாள் தெரியாமல் எப்படித் திதி கொடுப்பது? தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே தெரியாமல் பத்து வருஷம் பொட்டோடு இருந்தார். பிறகு பெரியவர்கள் சொல்லி, ஆடி அமாவாசைக்கு வாழை இலை போட்டு, ஓரத்தில் ஒரு சுருட்டும் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார். காஞ்சனபுரி கல்லறையில் உங்கள் வீரர்களின் கற்களைப் பார்த்திருக்கிறேன். பெயர், எண், இறந்த தேதி. அந்தத் தேதி ஒன்றுக்காக என் பாட்டி எதையும் கொடுத்திருப்பார்.

கைதிகளுக்குச் சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள், சாவைக் குறித்து வைக்க அதிகாரிகள் இருந்தார்கள். பெண்டு பிள்ளையோடு போன தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. தினமும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் பதிந்து வேலை வாங்கிய தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்கள் போர் முடிந்து திரும்பினார்கள், ரப்பர் பால் எடுக்க மரம் வெட்ட ஆள் தேடினார்கள். போனவன் என்ன ஆனான் என்று எங்கள் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்து ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகளின் பாடப் புத்தகத்திலும் இது போதிய அளவு இல்லை. சரி, அது நாங்கள் எங்கள் நாட்டில் கேட்க வேண்டியது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். 'உள்ளூர்க் கூலிகள்' என்பதை எடுத்துவிட்டு, மலாயாத் தமிழர், பர்மியர், ஜாவாக்காரர் என்று எழுதுங்கள். இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்ற கணக்கையும் சேருங்கள். இன்னொன்று: உங்கள் பீரங்கி வீரர்கள் ஒளித்து எழுதிய நாட்குறிப்புகள் உங்களிடம் இருக்கும். அவற்றில் பக்கத்துத் தமிழர் முகாம் பற்றி எங்காவது, எந்தத் தேதியிலாவது ஒரு வரி இருந்தால், தயவுசெய்து அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வெளியிடுங்கள். பாட்டி இல்லை. ஆடி அமாவாசைக்கு இலை போடுவது இப்போது நான்.

பணிவுடன்,
ஒரு சயாம் தொழிலாளியின் பேரன்