இறுதிப் போட்டியை மறுநாள் வையுங்கள்: பள்ளிக் கால்பந்துப் போட்டிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட அளவிலான மாணவியர் கால்பந்துப் போட்டி முடிந்து முடிவும் வெளிவந்துவிட்டது. இரண்டாம் இடம் பிடித்த அரசுப் பள்ளி அணியோடு துணைக்கு வந்த அம்மாக்களில் நானும் ஒருத்தி. கோப்பை போய்விட்டதே என்று எழுதவில்லை. வென்ற அணி நன்றாக ஆடியது, அந்தப் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். முதல் சுற்று, அரையிறுதி, இறுதி என மூன்று ஆட்டங்களையும் ஒரே நாளில் எங்கள் பிள்ளைகள் தலையில் கட்டினீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பின்னணி உங்களுக்கே தெரியும். மொத்தம் 6 அணிகள். தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் முறைக்கு எட்டு வேண்டும், இரண்டு குறைந்தது. அதனால் இரண்டு அணிகளுக்கு 'பை', அதாவது முதல் சுற்று ஆடாமலே நேராக அரையிறுதிக்குப் போகும் வாய்ப்பு. அந்த இரண்டு 'பை'யும் சென்ற ஆண்டு முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகளுக்குப் போயிற்று. அது எங்கும் உள்ள வழக்கம்தான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் காலை 8 மணிக்கு முதல் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது, பிறகு இறுதியில் அவர்கள் எதிர்கொண்ட அணி வண்டியை விட்டே இறங்கியிருக்கவில்லை. 'பை' கொடுத்தால், கிடைக்காத அணிக்கு ஓய்வும் கொடுக்க வேண்டாமா?

எங்கள் பள்ளி மாவட்டத்துக்கு முந்தைய குறுவட்டப் போட்டியைத் தாண்டும் என்றே யாரும் நினைக்கவில்லை. பி.டி. மாஸ்டர் ஒருவர் மட்டும் நம்பினார். அணியில் 16 பேர், பூட்ஸ் 11 ஜோடி. மாற்று ஆட்டக்காரி இறங்க வேண்டுமென்றால், வெளியே வருகிறவள் கோட்டோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தர வேண்டும். அளவு சேர்ந்தால்தான் மற்றவள் போட முடியும். அதனால் களைத்தவளை வெளியே எடுக்கலாம் என்பதெல்லாம் எங்களுக்குப் பேச்சளவில்தான். காலையில் இறங்கியவர்களே பெரும்பாலும் மாலைவரை ஓடினார்கள்.

அரையிறுதி உச்சி வெயிலில் நடந்தது. சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. எங்கள் கோல்கீப்பர் இரண்டைத் தடுத்தாள். சென்ற ஆண்டின் இறுதி ஆட்டக்காரர்களை வென்று எங்கள் பிள்ளைகள் கத்திய கத்தலை நீங்களும் மேசையிலிருந்து கேட்டிருப்பீர்கள். அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம் நீடித்திருந்தால் அதிகம். இறுதி ஆட்டத்துக்குத் தயாராகுங்கள் என்று மைக்கில் அறிவித்துவிட்டீர்கள்.

சாப்பாட்டுப் பொட்டலம் அப்போதுதான் வந்தது. சாப்பிட்டால் ஓட முடியாது, சாப்பிடாவிட்டால் நிற்கவே முடியாது. இரண்டு வாய் போட்டுவிட்டு எழுந்தவள் ஒருத்தி, மைதானத்துக்குப் போகும் வழியிலேயே வாந்தி எடுத்தாள். கேப்டன் வேப்ப மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்து சாக்ஸ் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தோம். "வலிக்குதா?" என்று கேட்டதற்கு, "அத்தை, சீக்கிரம் சுத்திவிடுங்க, கூப்பிடுறாங்க" என்றாள். பழைய துணியைக் கிழித்துச் சுற்றிவிட்டு அதே பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

முதல் பாதி கோல் எதுவும் இல்லை. இரண்டாம் பாதியில் அவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அடுத்தடுத்து இன்னும் இருவர் விழுந்தார்கள். நாங்கள் வாங்கிய மூன்று கோல்களும் அதற்குப் பிறகு விழுந்தவைதான்.

பாதிக்கு 20 நிமிடம் என்று குறைத்துத்தானே வைத்தோம் என்பீர்கள். சரி, மூன்று ஆட்டத்துக்கு அதுவே 120 நிமிடம். பெரியவர்கள் ஆடும் முழு ஆட்டமே 90 நிமிடம்தான்.

அரையிறுதி முடிந்ததும், கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று மேசைக்கு வந்து கேட்டோம். "இந்த டீம் காலையிலேயே போயிடும்னுதாம்மா நெனச்சோம். இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம்" என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றிலிருந்து அந்தப் பேச்சு மனத்தில் முள்ளாகக் குத்துகிறது. காலையிலேயே போய்விடும் என்று நினைத்துத்தான் அட்டவணையே போட்டிருக்கிறீர்கள். எதிர்பார்ப்பை மீறி ஒரு அணி ஜெயித்துக்கொண்டே வந்தால் அதற்கு என்ன செய்வது என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை.

2022 உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதிவரை வரும் என்று எத்தனை பேர் நினைத்தார்கள்? டிசம்பர் 6-இல் ஸ்பெயினோடு, 10-இல் போர்ச்சுகலோடு, 14-இல் பிரான்ஸோடு ஆடினார்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்று முழு நாள் ஓய்வு. பயிற்சியும் மருத்துவரும் உள்ள பெரிய ஆண்களுக்கே அவ்வளவு வேண்டியிருக்கிறது. வெயிலுக்காக ஆட்டத்தை நிறுத்தி ஒன்றரை முதல் மூன்று நிமிடம் உடலைக் குளிரவைக்கக் கால்பந்தின் 7-ஆவது விதி இடம் தருகிறது. அன்றைக்கு அதுகூட நடக்கவில்லை.

அதனால் கேட்கிறேன்: இறுதிப் போட்டியை மறுநாள் வையுங்கள். ஒரே நாளில் ஒரு அணி மூன்று ஆட்டம் ஆடும் நிலை வேண்டவே வேண்டாம்.

இதை எழுதும்போது வேறு பலவும் நினைவுக்கு வருகின்றன. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது விளையாட்டுப் பாடவேளைதான். பெண் பிள்ளைகள் உடை மாற்ற, பூட்டுள்ள ஒரு அறை எந்த மைதானத்தில் இருக்கிறது? தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் மணிப்பூரையும் 2023-இல் ஹரியானாவையும் இறுதியில் 2-1 என்று வென்று தேசியப் பட்டம் வாங்கியபோது எல்லோரும் கைதட்டினோம். அந்தப் பெண்களும் பள்ளி வயதில் இப்படிப்பட்ட மைதானங்களைக் கடந்து வந்தவர்கள்தானே. அவர்களைப் போன்ற எத்தனை பேர் கால் பிடித்துக்கொண்ட இப்படி ஒரு மதியத்தோடு ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள்? முதலிடம் பெறும் அணிக்குத்தான் மாநிலப் போட்டி. எங்கள் கேப்டனுக்கு இது பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு வீட்டில் அனுப்புவார்களா என்று அவளுக்கே தெரியாது.

இவை எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டுவது நியாயமில்லை, உங்கள் கையில் இல்லாதவையும் இதில் உண்டு. ஆனால் அட்டவணை உங்கள் கையில்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் என்றால் மைதானம், நடுவர், வண்டி எல்லாவற்றுக்கும் செலவு என்பது புரிகிறது. இரண்டாம் நாள் நடக்கப்போவது ஒரே ஒரு ஆட்டம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் 8 மணிக்கு முன்பே முடிந்துவிடும். இறுதிக்கு வரும் இரண்டு அணிகள் மட்டும் வந்தால் போதும். மாவட்டத் தலைநகரில் ஒரு இரவு தங்க, ஏதாவது ஒரு அரசுப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பாய், சாப்பாடு, துணைக்கு ஆள் எல்லாம் பெற்றோர் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

19 வயதுக்குட்பட்ட மாணவியர் பிரிவுக்கு இன்னும் அட்டவணை வெளிவரவில்லை. எங்கள் பள்ளியின் அக்காமார்களும் அதில் ஆடுகிறார்கள். அந்தத் தாளில் கையெழுத்திடும் முன், 'பை' கிடைக்காத ஏதோ ஒரு அணி கடைசிவரை வந்தால் அன்று எத்தனை ஆட்டம் ஆடும் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மூன்று வந்தால், இறுதிப் போட்டியை மறுநாள் காலைக்கு மாற்றித் தாருங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அணியோடு வந்த அம்மாக்களில் ஒருத்தி