பியரில் காத்திருந்தவர்கள்

அன்புள்ள மகளுக்கு,

இலங்கையின் மன்னார்த் தீவு முனையில், கப்பல் இறங்குதுறையான தலைமன்னார் பியருக்கு மறுபடியும் ரயில் ஓடுவதால் அப்பாவின் ஊர் திரும்பி வந்துவிட்டது என்று தொலைபேசியில் நீ மகிழ்ந்தபோது, மறுத்துப் பேச மனம் வரவில்லை. அதை எழுத்தில் சொல்வது எனக்குச் சுலபம்.

1914இல் மதவாச்சியிலிருந்து வந்த பாதை எங்கள் கடற்கரையில் முடிந்தது. அதே ஆண்டில் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டதால், சென்னையில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்து, பியரில் மறுபடி ரயிலேறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். பனையும் மணலும் கழுதைகளுமாகக் கிடந்த இடத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ், சுங்கம், தேநீர்க்கடைகள் என்று ஓர் ஊர் எழுந்தது. அதை வாழவைத்தது ரயில் என்பார்கள். என் கணக்கில், கப்பலுக்கும் ரயிலுக்கும் இடையில் சனங்கள் காத்திருந்த நேரமே வாழவைத்தது. காத்திருப்பவருக்குப் பசிக்கும், பெட்டி தூக்க ஆளும் வேண்டும். உன் அப்பப்பா அப்படித்தான் எங்களை வளர்த்தார்.

1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின், கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது. இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரான மலையக மக்கள், பிறந்த மண்ணை விட்டுப் பாத்திரம் பண்டங்களோடு பியரில் குந்தியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். எங்கள் கடைகளில் வியாபாரம் நன்றாக நடந்த காலம் அது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

1983 கலவரத்துக்குப் பின் கப்பல் நின்றது. ரயில் அதன் பிறகும் சில ஆண்டுகள் வந்தது என்றாலும், இறங்கியவர்கள் வீட்டுக்குப் போனார்களே தவிர, காத்திருக்கவில்லை. ஆகவே 1990இல் போர் பாதையைத் துண்டித்தபோது, ஊர் முன்பே பாதி அடங்கியிருந்தது. அந்த ஆண்டு உன்னை மடியில் வைத்துக்கொண்டு மீன்பிடி வள்ளத்தில் அக்கரைக்குப் போனோம்; ஒருகாலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆட்களை அனுப்புமுன் தங்கவைத்துச் சோதித்த, தமிழ்நாட்டின் அதே மண்டபம் முகாமில்தான் எங்களையும் பதிந்தார்கள்.

2015 மார்ச்சில் பாதை மீண்டும் திறக்கப்பட்டது. அதன் பின் ஒருமுறை போய் வந்தேன். வந்தவர்கள் வெளிச்சவீட்டையும் சிதைந்த இறங்குதுறையையும் படம் எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். திரும்பும் ரயிலுக்காக மேடையில் இருந்தவன் நான் ஒருவனே.

நீ வரும்போது பேசாலையில் இறங்கிச் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ. நான் போன அன்று பியரில் ஒரு தேநீர்கூடக் கிடைக்கவில்லை.

அன்புடன்,
அப்பா