எழுப்புதலைப் படமாக்கப்போகும் போதகர் ஐயாமார்களுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டப் போதகர் ஐயாமார்களுக்கும் வாலிபர் ஐக்கியப் பொறுப்பாளர்களுக்கும் ஸ்தோத்திரம்.

நம் ஊர்ப்பக்கம் நடந்த எழுப்புதலை, ஜனங்கள் கூட்டமாக மனந்திரும்பி ஜெபத்துக்குக் கூடிய அந்தக் காலத்தை, குறும்படமாக எடுக்கப்போகிறீர்கள் என்றதும் சந்தோஷப்பட்டேன். 1895-இல் லூத்தரன் மிஷனரிகள் கிருஷ்ணகிரிக்கு வந்த காலம் தொட்டு எத்தனையோ சாட்சிகள் இங்கே வாய்வழியாகவே கிடக்கின்றன. ஆனால் உங்கள் கதைச் சுருக்கத்தைப் படித்தபின் மனசு கேட்கவில்லை. முதல் ஜெபக்கூட்டத்தை ஆரம்பித்த மனுஷனையே அதில் காணோம்.

போன மாதம் எங்கள் ஆலயத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி 'ஜீசஸ் ரெவல்யூஷன்' படம் போட்டோம். 2023-இல் வந்த படம். 1960-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில், சக் ஸ்மித் என்ற போதகரின் சிறிய சபைக்குள் ஹிப்பி இளைஞர்கள் வெறுங்காலோடு வந்து நிறைந்த கதை. கூட்டங்கூட்டமாகக் கடலில் ஞானஸ்நானம் எடுக்கும் காட்சியில் எனக்கும் கண் கலங்கியது. நல்ல படம்தான், மறுக்கவில்லை. முடிந்ததும், பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்டான்: "அண்ணா, அந்த நீளமுடிக்காரர் கடைசியில் என்ன ஆனார்?"

அவர் பெயர் லானி ஃபிரிஸ்பீ. அந்த இளைஞர்களைச் சபைக்குள் இழுத்து வந்ததில் பெரும்பங்கு அவருடையது. சக் ஸ்மித்தோடு அவருக்கு ஏற்பட்ட மனஸ்தாபத்தையும் அவர் விலகிப்போனதையும் படம் காட்டுகிறது. அவருக்கு ஆண்களோடு உறவு இருந்தது என்பதையும், 1993-இல் 43 வயதில் அவர் இறந்தது எய்ட்ஸால் என்பதையும் காட்டவில்லை. படத்துக்காகக் காலத்தைச் சுருக்குவார்கள், இரண்டு ஆட்களை ஒருவராக்குவார்கள், அது சரி. ஆனால் ஒரு மனுஷனின் பாதி வாழ்க்கையை விட்டுவிடுவது வேறு. அவருடைய அடக்க ஆராதனையில் பேசிய சக் ஸ்மித்தே அவரை, தேவன் பலம் கொடுத்தும் ஒரு பெண்ணிடம் விழுந்துபோன வேதாகமச் சிம்சோனுக்கு ஒப்பிட்டார். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் சிம்சோனைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிங்கத்தைக் கிழித்ததும் சொல்வார்கள், தெலீலாளின் மடியில் தூங்கியதும் சொல்வார்கள். வேதம் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும், ஐயா?

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நடந்த எழுப்புதலைச் சொல்லும்போதும் இப்படித்தான். 1904-இல் 26 வயது ஈவான் ராபர்ட்ஸ் ஜெபித்ததும் சுரங்கத் தொழிலாளிகள் மனந்திரும்பியதும் நம் பிரசங்கங்களில் அடிக்கடி வரும். 1906-இல் அவர் உடலும் மனமும் ஓய்ந்து ஒதுங்கிப்போனதும், அதன்பின் 1951 வரை வாழ்ந்ததும் வருவதில்லை. களைத்துப்போன ஊழியக்காரர் ஒருவருக்கு அந்தப் பாதிக் கதைதான் தேவைப்படும்.

இப்போது நம் கதை. காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில், மாங்காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் முதல் ஜெபக்கூட்டத்தை ஆரம்பித்தவர் அந்தத் தோப்பின் காவல்காரர். குடியை விட்டவர். எங்கள் ஆயா முதன்முதலில் ஜெபம் கற்றுக்கொண்டது அவரிடம்தான். ஏழெட்டு வருஷம் கழித்து மறுபடியும் குடிக்க ஆரம்பித்தார். அப்புறம் சபையில் யாரும் அவர் பெயரைச் சொல்லவில்லை. செத்தபோது குழி வெட்டக்கூட ஆள் கூலிக்குத்தான் வந்தது என்று ஆயா சொல்லி அழுவார். உங்கள் கதைச் சுருக்கத்தில் அந்த இடத்தில் 'சில விசுவாசிகள் கூடி ஜெபித்தார்கள்' என்று ஒரே வரி இருக்கிறது.

அந்தச் 'சில விசுவாசிகள்' யாருமில்லை, ஐயா. அந்த ஒரு மனுஷன்தான். அவர் விழுந்ததையும் காட்டுங்கள், நாம் அவரைக் கைவிட்டதையும் காட்டுங்கள். பார்ப்பவர்களின் விசுவாசம் குலைந்துபோகும் என்று பயப்படாதீர்கள். நம் சபைகளில் குடியை விட்டு மறுபடியும் விழுந்து, வெட்கத்தில் வாசலுக்கு வெளியே நிற்கிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அவர்களும்தான் இந்தப் படத்தைப் பார்க்கப்போகிறார்கள்.

அவருடைய வேதாகமம் ஆயாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அட்டை போய்விட்டது. சங்கீதப் பக்கங்களின் ஓரத்தில் மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரலடையாளங்கள் வரிசையாக இருக்கின்றன. பாவமன்னிப்புக்காகக் கெஞ்சும் 51-ஆம் சங்கீதத்தில்தான் அதிகம். படப்பிடிப்புக்கு முன்னால் யாராவது ஒருவர் வீட்டுக்கு வந்தால் எடுத்துக் கொடுக்கிறேன்.