சொல்லாமலே தெரிந்துகொள்வது யார் வேலை?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்களின் ஆறாம் அறிவைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெண்கள் முகத்தைப் பார்த்தே மனசைப் படித்துவிடுவார்களாம், ஆண்கள் பாவம், வாய்விட்டுச் சொன்னால்தான் அவர்களுக்குப் புரியுமாம், இதெல்லாம் பிறவிக் குணமாம். எங்களைப் புகழ்ந்துதான் எழுதியிருக்கிறார், சரி. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும், வெட்டிக்கொள்வது உங்கள் இஷ்டம்.

நான் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். என் மேசைக்கு நேர் எதிரே பட்டுச் சேலை செக்ஷன். அங்கே சேலை எடுத்துப் போடுகிறவர்கள் எல்லோருமே ஆண்கள். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ முகூர்த்தச் சேலை எடுக்க ஒரு குடும்பம் வேன் பிடித்து வந்து இறங்கும், பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். சேலை எடுத்துப் போடுகிற அண்ணன் முதல் சேலையை உதறி விரிப்பார் பாருங்கள், அந்த நேரத்தில் அவர் கண் சேலையிலும் இருக்காது, கல்யாணப் பெண் மேலும் இருக்காது. விரித்த உடனே மற்ற எல்லோரும் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பார். அநேகமாக ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருக்கும் அத்தையோ பெரியம்மாவோதான் அது. அதற்கப்புறம் அவர் பேசுவது மட்டும்தான் பெண்ணிடம், காட்டுவதெல்லாம் அந்த அத்தைக்கு. பெண்ணின் வாய் "அந்தப் பச்சையை எடுங்க" என்று கேட்கும்போது கை எந்தச் சேலை மேல் கிடக்கிறது, பார்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறாளா, விலைச் சீட்டைப் பார்த்ததும் சேலையைப் பட்டென்று வைக்கிறாளா மெதுவாக வைக்கிறாளா, எல்லாமே அவருக்குக் கணக்கு. மெதுவாக வைத்தால் ஆசை இருக்கிறது, காசு இடிக்கிறது என்று அர்த்தம். அதே நிறத்தில் 2,000 ரூபாய் குறைவாக ஒன்று யாரும் கேட்காமலே வந்து விழும். அவர் அதை எடுத்துப் போட்ட விதத்தை வைத்தே இங்கே நான் பில் புத்தகத்தைக் கிட்டே இழுத்து வைத்துக்கொள்வேன்.

இந்த ஆட்களைப் போய் குறிப்புப் புரியாதவர்கள் பட்டியலில் சேர்க்க முடியுமா? மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிறார்கள், சுற்றி நிற்பவர்களுக்கு ஒரு எழுத்து தெரியாது, அவர்களும் ஆண்கள்தானே. ஆனால் இதே சேலை செக்ஷன் அண்ணன்களின் வீட்டுக்காரம்மாக்கள் தீபாவளிக்கு எங்கள் கடைக்கு வரும்போது, "நான் சாப்பிட்டேனா இல்லையான்னுகூட இந்த மனுசனுக்குத் தெரியாதும்மா" என்று என் மேசையில் சாய்ந்துகொண்டு புலம்பிவிட்டுத்தான் போவார்கள். இரண்டுமே நிஜம். கடையில் கவனிக்காவிட்டால் கமிஷன் போய்விடும். வீட்டில் கவனிக்காவிட்டால் எதுவும் போகாது, நேரத்துக்குச் சோறு வந்துவிடும்.

என் மகள் உளவியல் படிக்கிறாள். கட்டுரையை அவளிடம் காட்டினேன். "முழுக்கத் தப்புன்னு சொல்ல முடியாதும்மா" என்றாள். 1978இல் ஜூடித் ஹால் என்ற அமெரிக்க உளவியலாளர் அதுவரை நடந்த 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாராம். முகம், உடம்பு, குரல் இவற்றிலிருந்து அடுத்தவர் உணர்ச்சியைக் கண்டுபிடிப்பதில் சராசரியாகப் பெண்கள்தான் முன்னே. 2022இல் வெளியான இன்னொரு ஆய்வில் 57 நாடுகளில் கண் பகுதிப் படத்தை மட்டும் காட்டி இவர் மனசில் என்ன ஓடுகிறது என்று கேட்டிருக்கிறார்கள். 36 நாடுகளில் பெண்கள் முன்னே, 21 நாடுகளில் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒன்று, ஆண்கள் முன்னே வந்த நாடு ஒன்றுகூடக் கிடையாது. ஆக வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது சின்ன வித்தியாசம், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரிது. கட்டுரை எழுதியவர் அந்தப் பாதியை விட்டுவிட்டார்.

அப்புறம் அவள் சொன்ன இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 2001இல் கிளைன், ஹாட்ஜஸ் என்ற இரண்டு பேர் செய்தது. ஒரு பெண் தன் பிரச்சினையைச் சொல்கிற வீடியோவைப் போட்டுக் காட்டி, இந்த இடத்தில் அவள் என்ன நினைத்திருப்பாள் என்று பார்த்தவர்களை எழுதச் சொன்னார்கள். சரியாக எழுதினால் காசு என்று சொன்னதும் எல்லோருமே நன்றாக எழுதினார்கள், ஆண் பெண் இடைவெளியும் காணாமல் போய்விட்டது. எனக்கு உடனே எங்கள் பட்டுச் சேலை செக்ஷன்தான் ஞாபகம் வந்தது. கண்ணும் அறிவும் எல்லோருக்கும்தான் இருக்கிறது, பார்த்தே ஆகவேண்டிய தேவைதான் சிலருக்கு இருக்கிறது, சிலருக்கு இல்லை.

அந்தத் தேவை எங்கிருந்து வருகிறது? திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருப்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். 110ஆவது அதிகாரம் காதலர்களுக்கு, அதிலும் பெரும்பாலும் அவன்தான் அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்து அர்த்தம் தேடுகிறான். 71ஆவது அதிகாரம் அமைச்சருக்கு, அரசன் வாய் திறக்குமுன் அவன் நினைப்பை இவர் தெரிந்துகொள்ள வேண்டும். யார் கையில் நம் பிழைப்பு இருக்கிறதோ அவர் முகத்தைத்தான் நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். 1985இல் சாரா ஸ்னாட்கிராஸ் என்பவர் ஆட்களை ஜோடியாக உட்கார வைத்து அதிகாரத்தில் ஒருவரை மேலே, ஒருவரைக் கீழே வைத்துச் சோதித்தபோது, கீழே இருந்தவர்தான் மேலே இருந்தவர் மனசை அதிகம் கவனித்தார், ஆணா பெண்ணா என்பதில் ஒன்றும் பெரிதாக இல்லை. இதை எல்லா ஆய்வாளர்களும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், முன்னே சொன்ன ஜூடித் ஹால்கூட இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. மேலே இருப்பவர்களும் ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரர்களாக இருக்கலாம் என்கிறார்கள். கல்லாவில் உட்கார்ந்தபடியே எந்தப் பையன் வேலையை விட்டுப் போகப் போகிறான் என்று சொல்கிற முதலாளிகளைப் பார்த்திருப்பதால் அதையும் நான் மறுக்க மாட்டேன்.

ஆனாலும் என் அம்மாவை யோசிக்கிறேன். அப்பா டிவிஎஸ் 50ஐ வாசலில் ஸ்டாண்டு போடுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்குப் பேசலாமா, பேசக்கூடாதா என்று சொல்லிவிடுவார். ஓங்கி மிதித்தால் எங்களைக் கண்ணாலேயே பின்கட்டுக்கு அனுப்பிவிடுவார். அதே வீட்டில்தான் பாட்டியும் தம்பியும் இருந்தார்கள். பாட்டிக்கும் அந்தச் சத்தம் தெரியும், தம்பிக்கு மட்டும் கடைசி வரை தெரியவில்லை, அவனை யாரும் திட்டப் போவதில்லை, அவனுக்கு எதற்கு? இதை ஆறாம் அறிவு என்று எழுதினால் கேட்க அழகாகத்தான் இருக்கும்.

நீங்கள் கொடுக்கும் பாராட்டு எங்களுக்கு வேலையாக வந்து சேர்கிறது என்பதுதான் என் புகார். பையன் மார்க் குறைந்தால் பள்ளிக்கூடத்தில் "பிள்ளை முகம் வாடியிருந்தது தெரியலையா" என்ற கேள்வி அம்மாவுக்குத்தான் வரும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாவிடம் யாரும் கேட்க மாட்டார்கள். மாமனாருக்குக் காபி வேண்டும் என்பது மருமகளுக்கு அவர் கேட்காமலே தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை என்றால் அவள் அக்கறை இல்லாதவள். பிறவிக் குணம் என்று எழுதி வைத்துவிட்டால் அது இல்லாத பெண் ஊனப்பட்டவள் மாதிரி ஆகிவிடுகிறாள், ஆணுக்கோ வாழ்நாள் விடுமுறை.

கட்டுரை தொடவே தொடாத இன்னொரு விஷயம், எங்களை மற்றவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பது. எங்கள் கடையில் சுடிதார் செக்ஷனில் சின்னப் பெண்கள் நிற்கிறார்கள். சிரித்துப் பேசு என்பது வேலை உத்தரவு. (கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது, ஆனாலும் கூட்ட நாளில் எங்கே உட்கார்வது, கால் வீங்கிப்போய்ச் சிரிக்கிற சிரிப்பு அது.) அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, தங்கச்சிக்குத் துணி எடுக்க வந்தவன் மறுநாள் எதுவும் எடுக்காமல் வந்து நிற்பான், போன் நம்பர் கேட்பான். அவள் தலையைக் குனிந்துகொண்டால் வெட்கம் என்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டால் திமிர் என்பான், அவளுக்கு விருப்பமில்லை என்ற அர்த்தம் மட்டும் அவன் அகராதியில் கிடையாது. 1982இல் அன்டோனியா ஆபி என்பவர், ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசிக்கொள்வதை வேறு ஓர் ஆணையும் பெண்ணையும் மறைவிலிருந்து பார்க்க வைத்தார். அந்தப் பெண் சாதாரணமாக நட்போடு பேசியதை, கூடப் பேசிய ஆணும் சரி, மறைவிலிருந்து பார்த்த ஆணும் சரி, அவளுக்கு வேறு நோக்கம் இருப்பதாகவே பெண்களைவிட அதிகம் நினைத்தார்கள். ஆண்களுக்குக் குறிப்புப் புரியாது என்று சிரித்துவிட்டுப் போவதில் உள்ள ஆபத்து இதுதான், இல்லாத குறிப்பையும் அவர்கள் படிக்கிறார்கள், அதற்கும் பதில் சொல்ல வேண்டியவள் அந்தப் பெண்தான்.

பெண்களை ஏமாற்ற முடியாது, பொய்யை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள் என்றும் ஒரு வரி இருந்தது. மன்னிக்கவும். யார் பொய் சொல்கிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில் மனிதர்களின் சராசரி 100க்கு 54 தான் என்று 2006இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது, காசு சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும். ஆணும் பெண்ணும் இதில் ஒரே வரிசைதான். எங்கள் தெருவில் சீட்டுப் பிடித்து ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பியவரிடம் பணம் கட்டியிருந்தவர்கள் அதிகமும் பெண்கள். அவர் முகம் அவ்வளவு லட்சணமான முகம்.

அடுத்த முறை இந்தத் தலைப்பில் எழுத வேண்டுமென்றால் உங்கள் எழுத்தாளரை எங்கள் பக்கம் அனுப்புங்கள். சேலை செக்ஷன் அண்ணன்களிடம் நானே அறிமுகம் செய்து வைக்கிறேன், இரண்டு மணி நேரம் ஓரமாக நின்று பார்த்தால் போதும், ஆண்களுக்கு என்ன புரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். ஆடித் தள்ளுபடி முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள், அதுவரை நிற்க இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.